நூலகம் பற்றிய ஆறு புத்தகங்கள், அம்மாவுக்கு வாசித்துச் சொன்னபடி

அம்மா முப்பது வருசம் ஒரு பிரதேச சபை நூலகத்தில் வேலை பார்த்தவர். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவியின் கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில், கல்முனை பஸ் நின்று போகிற ஒரு ஊர். இரண்டு அறை, ஒரு விறாந்தை, விறாந்தையில் பத்திரிகை பார்க்க வருகிற அதே ஏழெட்டு ஐயாமார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுப் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்குவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சரி, இவருக்கென்றே நூலகங்களையும் நூலகர்களையும் பற்றிய புத்தகங்களாகப் பார்த்து வாங்குவோம் என்று இந்த வருசம் ஆறு வாங்கினேன். நான்கு கொழும்புக் கடையொன்றில் ஓடர் பண்ணியவை (ஒன்று அட்டை மடிந்து வந்தது, கேட்டதற்கு "வாசிக்க ஏலும்தானே" என்று பதில்), மற்ற இரண்டும் பழைய பிரதிகள். அம்மாவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் போகும் என்பதால் இரவில் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு கேட்பார். ஆகவே கீழே இருப்பது இரண்டு பேருடைய அபிப்பிராயம், சில இடங்களில் சண்டையும் கூட.

எல்லாவற்றிலும் அதிக நாள் இழுத்தது சூசன் ஓர்லீனின் 'த லைப்ரரி புக்', 2018இல் வந்தது. 1986 ஏப்ரல் 29இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம் தீப்பிடித்து ஏழு மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது. நான்கு லட்சம் புத்தகங்கள் சாம்பல், இன்னும் ஏழு லட்சம் புகையாலும் தண்ணீராலும் சேதம். மூன்று நாளுக்கு முன்னர்தான் செர்னோபிலில் அணு உலை வெடித்திருந்ததால் இந்தச் செய்தி பத்திரிகைகளில் அமுங்கிப் போனதாம். யார் கொளுத்தியது என்ற துப்பறியும் கதை புத்தகம் நெடுக ஓடுகிறது, கடைசியில் ஒரு முடிவும் இல்லை, எனக்கு அது சலித்துவிட்டது. ஆனால் நனைந்த புத்தகங்களுக்கு என்ன செய்தார்கள் என்கிற பகுதி இருக்கிறதே, அதை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ஈரத் தாளில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும், அவ்வளவையும் அதற்குள் காயவைக்க ஆளில்லை. அதனால் பெட்டி பெட்டியாகக் கட்டி, இறாலும் மரக்கறியும் உறையவைக்கிற குளிர்க் களஞ்சியங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது, ஆறுதலாக எடுத்துக் காயவைக்கலாம்.

"ஏழு லட்சம் புத்தகத்தையும் ஐஸுக்குள்ள வெச்சா பொறகு இறால எங்க புள்ள வெக்கிற?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் 2011 ஜனவரி வெள்ளத்தைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய நூலகத்தில் கீழ்த் தட்டு இரண்டும் தண்ணீருக்குள். வெயிலில் காயப்போட்டால் தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் நிலத்தில் புத்தகங்களை விரித்து நிறுத்தி, பக்கங்களுக்கு இடையில் பழைய பத்திரிகையை வைத்து, ஊறியதும் எடுத்து வேறு வைத்து, மின்விசிறியைப் போட்டு ஒரு கிழமை. சாதாரணத் தாளில் அச்சடித்த நாவல்களெல்லாம் ஊதிப் பருத்தாலும் பிழைத்துக்கொண்டன. வழுவழுப்பான தாளில் படங்களோடு வந்த கலைக்களஞ்சியங்கள்தான் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன, கத்தியால் கூடப் பிரிக்க முடியவில்லை. அந்தச் செங்கற்களை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஓர்லீனின் புத்தகத்தில் தீயை விட எனக்குப் பிடித்தது அன்றாட வேலை. கிளைகளுக்குப் புத்தகம் அனுப்புகிற பொதிகட்டும் அறை, தொலைபேசியில் வருகிற விசித்திரமான கேள்விகளுக்குப் பதில் சொல்கிற மேசை. இப்படியான பக்கங்களை மற்றப் புத்தகங்களிலும் தேடினேன், அதிகம் கிடைக்கவில்லை. நூலகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு ஒன்று அது எரிய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் கொலை விழ வேண்டும் போல.

கொலைக்கு உம்பர்த்தோ எக்கோ. 1980இல் வந்த 'ரோஜாவின் பெயர்' உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை. மடாலயம், சுற்றிச் சுற்றி வழி தவறுகிற நூலகம், யாரும் வாசிக்கக்கூடாது என்று ஒளித்த ஒரு புத்தகம், ஹோர்ஹே என்கிற கண் தெரியாத கிழவர். அந்தப் பெயர் ஆர்ஜென்டின எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸை நினைத்து வைத்தது. போர்ஹெஸ் பார்வை இழந்த காலத்தில்தான் தன் நாட்டின் தேசிய நூலகத்துக்குப் பணிப்பாளரானார், 1955இல். அம்மாவுக்கு இந்த நாவல் பிடிக்கவே இல்லை. புத்தகத்தை மறைக்கிறவன் என்ன நூலகர் என்று கோபம். அவருக்குத் தெரிந்த நூலக ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: 25ஆம் பக்கம். முதல் பக்கத்து முத்திரையைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைச் சொந்தமாக்குகிறவர்கள் உண்டு என்பதால், அவருடைய நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்திலும் 25ஆம் பக்கத்தின் அடியில் இன்னொரு முத்திரையும் பதிவிலக்கமும் இருக்கும். இதை வைத்து ஒரு கலியாண வீட்டின் ஷோகேஸில் இருந்து ஒரு புத்தகத்தை மீட்டு வந்திருக்கிறார். யாருடைய கலியாணம் என்று சொல்லமாட்டேன்.

பையனாக இருந்தபோது அந்தப் போர்ஹெஸுக்கு வாசித்துக் காட்டியவர் ஆல்பர்தோ மங்குவேல், பின்னாளில் அதே தேசிய நூலகத்துக்கு அவரே பணிப்பாளராகவும் இருந்தார். அவருடைய 'இரவில் நூலகம்' பிரான்சில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தைத் தன் புத்தகங்களுக்கு வீடாக்கிய கதையில் தொடங்கி எங்கெங்கோ போகிறது. அழகாக எழுதுகிறார், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் போகாது. காசுக்காரனின் அலுமாரி என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், அது கொஞ்சம் அநியாயம். அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பிள்ளைகளுக்கான கொட்டகையில் எட்டுப் புத்தகங்களோடு இருந்த நூலகத்தைப் பற்றி மங்குவேல் சிறிதாகச் சொல்வதைப் படித்துத்தான் அன்தோனியோ இத்துர்பே அதை நாவலாக்கினார். 'அவுஷ்விட்ஸின் நூலகி'. அந்தப் புத்தகங்களை ஒளித்துக் காத்த டீட்டா என்ற பதினான்கு வயதுப் பிள்ளை கற்பனை இல்லை, உண்மையாக வாழ்ந்தவர். நடை சில இடங்களில் தித்திப்புக் கூடியது, அழவைக்க வேண்டும் என்றே எழுதிய மாதிரி. ஆனாலும் ஒரு பழைய தேசப்படமும் எச். ஜி. வெல்ஸின் உலக வரலாறும் அந்த எட்டுக்குள் இருந்தன என்ற இடத்தில் அம்மா, "அட்டை கிழிஞ்சா என்னத்தால ஒட்டியிருப்பா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஜோசுவா ஹம்மர் எழுதிய திம்பக்து புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு நூலகர்களைச் சண்டியர் ஆக்குகிறது, அதற்காகவே வாங்கவேண்டாம் என்று நினைத்தேன். 2012இல் ஆயுதக் குழுக்கள் மாலி நாட்டின் திம்பக்து நகரத்தைப் பிடித்தபோது அப்தல் காதர் ஹைதரா என்கிற நூலகரும் ஆட்களும் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வாகனத்திலும் கழுதை வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். மூன்றரை லட்சம் பிரதிகள் அளவில். நடுவில் ஹம்மர் போர்ச் செய்தியாளராக மாறி எந்தப் படை எங்கே போனது என்று பக்கம் பக்கமாகப் போகிறார், அங்கே தள்ளி வாசியுங்கள். அந்தத் தகரப் பெட்டிகளுக்கு மட்டும் எங்கள் வீட்டில் விளக்கம் தேவைப்படவில்லை. எங்களிடமும் ஒரு றங்குப்பெட்டி இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அம்மம்மாவின் கோளறு பதிகம். எத்தனை தரம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று கணக்கில்லை.

கடைசியாக வைத்திருந்தது 1892இல் பிறந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1931. அவர் சென்னையில் கணிதம் படிப்பித்தவர், 1924இல் பல்கலைக்கழக நூலகரானார், அந்த வேலை அலுத்துப்போய் திரும்பப் படிப்பிக்கவே போய்விடப் பார்த்தவர். பாடப்புத்தகம்தானே, தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதிக்கு அவர் எடுக்கிற உதாரணங்களில் ஒன்று, முன்னர் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்தது. பிறகு நூலகம் ஊரின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்றெல்லாம் இறங்குகிறார். நான் தேடிய அன்றாடம் இங்கேதான் இருந்தது, அதுவும் மனிதர் நக்கல் தெரிந்தவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காம் விதி வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மட விபுலாநந்த அடிகளும் 1892தான்" என்று இடையில் ஒரு பெருமை வேறு. காரைதீவில் பிறந்தவரையும் சீர்காழியில் பிறந்தவரையும் ஒரு வகுப்பில் இருத்திவிட்டார்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் கட்டியபோது ஆலோசனை சொன்னவர்களில் ரங்கநாதனும் ஒருவர். 1959இல் திறந்து, 1981 ஜூன் முதலாம் திகதி விடிவதற்குள் எரிந்த நூலகம், 97,000 புத்தகங்களோடு. அன்றிரவு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கல்முனையில் பிறந்த நுஃமான் அந்த எரிப்பைப் பற்றி எழுதிய கவிதை, நூலகப் படிக்கட்டில் புத்தரின் சடலம் கிடக்கிற அது, அம்மாவுக்கு மனப்பாடம். பாதி சொன்னார். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல், திம்பக்துவுக்கு ஒரு புத்தகம். எங்கள் ஊர் வாசிகசாலையின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு யாராவது நாற்பது பக்கம் எழுதினால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன்.

காசு ஒரு புத்தகத்துக்குத்தான் இருக்கிறது என்றால் ஓர்லீனை எடுங்கள். நூலகத்தில் வேலை செய்கிறவர் என்றால் யோசிக்காமல் ரங்கநாதன். இத்துர்பேயை ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம். எக்கோவை இரவல் வாங்குங்கள், மங்குவேலை மழை நாளுக்கு வைத்திருங்கள்.

எங்கள் ஓர்லீன் பிரதி இப்போது பக்கத்து வீட்டு ரீச்சரிடம். அம்மா பின்னட்டையில் திகதித் தாள் ஒட்டி, 25ஆம் பக்கத்தில் பென்சிலால் இலக்கமும் போட்டுத்தான் கொடுத்தார். தவணை 14 நாள். இன்றோடு இருபத்தொன்று, காலையிலிருந்து மதில் பக்கமாகவே நிற்கிறார்.