டார்க் ரெஞ்ச் கேலிப்ரேஷனுக்கு இந்த லேப், 4 ஸ்டார்

ஏரோஸ்பேஸ் அசெம்பிளில குவாலிட்டி இன்ஜினியரா இருக்கேன், எங்க டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவா முறுக்கற கருவி, செட் பண்ண அளவு வந்ததும் கிளிக் ஆகும்) எல்லாம் வருஷத்துக்கு ஒருதடவை இல்லன்னா 5000 கிளிக், எது முன்னாடி வருதோ அப்போ கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரியா இருக்கான்னு சோதிக்க, போயே ஆகணும். ரெண்டு வருஷமா இந்த லேப்புக்குதான் அனுப்பறோம். அதுக்கு முன்னாடி வேற ஒரு இடம், குடுத்த மறுநாளே பாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி வந்துடும், ஆனா சர்டிஃபிகேட்ல அட்ஜஸ்ட் பண்ணதுக்கு அப்புறம் எடுத்த ரீடிங் மட்டும்தான் இருக்கும், ரெஞ்ச் வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி இருக்காது. எங்களுக்கு அந்த ஒரு வரிதான் உயிர். ஏன்னா ரெஞ்ச் தப்பா இருந்திருந்தா போன கேலிப்ரேஷன்லேர்ந்து அதால முறுக்கின ஒவ்வொரு போல்ட்டையும் தேடிப் போகணும்.

போன தடவை அனுப்பினதுல 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) வரைக்கும் போற ஒரு ரெஞ்ச். அங்க டெஸ்ட் பண்ற பையன் போன் பண்ணி "சார், இன்னும் அட்ஜஸ்ட் பண்ணல, 60லயும் 100லயும் சரியா இருக்கு, 20ல வெச்சா 21.3ல தான் கிளிக் ஆகுது, அஞ்சு தடவை பாத்துட்டேன், உங்ககிட்ட சொல்லிட்டு கைவைக்கலாம்னு இருக்கேன்"னாரு. டார்க் ரெஞ்சுக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு ஐஎஸ்ஓ 6789 படி அந்த ரெஞ்சுக்கு 4 சதவீதம்தான் லிமிட், இது 6 தாண்டிடுச்சு. அட்ஜஸ்ட் பண்ணிட்டு சும்மா அனுப்பியிருந்தா எங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. ஜாப் கார்டுல ரெஞ்ச் சீரியல் நம்பர் எழுதற பழக்கம் இருந்ததால அந்த ரெஞ்ச்ல 20 மாதிரி கம்மி செட்டிங் வெச்சு முறுக்கின ஜாயிண்ட்டை எல்லாம் ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சு, போல்ட் நட்டு மாத்தி திரும்ப முறுக்கினோம், நல்லவேளை ஒண்ணுகூட வெளிய போகல.

இவ்ளோ சின்ன வித்தியாசத்துக்கு இவ்ளோ பாடான்னு கேக்கறவங்க இருக்காங்க. 1990ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்துல பறக்கும்போதே காக்பிட் கண்ணாடி பிச்சுக்கிட்டு போச்சு, கேப்டன் பாதி உடம்பு வெளிய தொங்கினாரு, காரணம் 84 போல்ட் இருக்க வேண்டியதவிட 0.026 அங்குலம் ஒல்லி. எல்லாரும் உயிரோட இறங்கினாங்க, அது பெரிய புண்ணியம்.

சர்டிஃபிகேட்டும் சுத்தம், முன்னாடி ரீடிங் பின்னாடி ரீடிங் ரெண்டும், அன்சர்ட்டனிட்டி (ரீடிங் எவ்ளோ முன்னப்பின்ன இருக்கலாம்ங்கற அளவு), ரூம் டெம்பரேச்சர் எல்லாம் இருக்கு, ஆடிட்ல ஒரு கேள்வி வரல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, மூணு நாள்னு சொல்லி எட்டு நாள் ஆக்கினாங்க, லைன்ல ஸ்பேர் ரெஞ்ச் இல்லாம தவிச்சோம். அதைவிட முக்கியம், ரெண்டு ரெஞ்ச் 100ல செட் பண்ணினபடியே பெட்டில வந்துச்சு. டெஸ்ட் முடிஞ்சதும் ஸ்கேல்ல இருக்கற கம்மி செட்டிங்குக்கு இறக்கிட்டுதான் பேக் பண்ணணும், உள்ள இருக்கற ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தா இவங்க பாத்த பாடு வீணாயிடும். சொன்னேன், அடுத்த பேட்ச்ல இறக்கிதான் வந்துச்சு. அனுப்பறவங்க ஆர்டர்லயே "அட்ஜஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரீடிங் வேணும், லிமிட் தாண்டினா போன் பண்ணுங்க"ன்னு எழுதிடுங்க, கேட்டா கண்டிப்பா செய்றாங்க.