எம்.டி.ஏ. கிட்: இளஞ்சிவப்பு நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

எலிகளில் கார்பன் டெட்ராகுளோரைடு உண்டாக்கும் கல்லீரல் சேதத்தை ஆராய்கிறோம். அதற்காக, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடை (எம்.டி.ஏ.) அளக்கும் ஆயத்த கிட் ஒன்றை வாங்கினோம். நச்சு பெற்ற பிரிவையும் பெறாத பிரிவையும் ஒப்பிட மட்டும் இது போதும். வரும் எண்ணை அப்படியே மலோன்டைஆல்டிஹைடின் அளவு என்று எழுதுவதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

செய்முறை சுலபம். அரைத்த திசுக்கரைசலில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, 95 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, எழும் இளஞ்சிவப்பை 532 நானோமீட்டரில் படிக்க வேண்டும். அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரையும் தரக்கோடு நேராக விழுகிறது. ஒரே மாதிரியைச் சோதனைத் தட்டின் இரு குழிகளில் இட்டாலும் அளவுகள் ஒட்டியே வருகின்றன. நச்சு பெற்ற எலிகளின் குழிகள் அடர்ந்த நிறத்தில் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

என் கோபமெல்லாம் விளக்கத்தாளின் மேல்தான். இந்த அமிலம் சர்க்கரைகளோடும், பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிரூபினோடும்கூட வினைபுரியும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சுக்ரோஸ் கலந்த கரைசலில் கல்லீரலை அரைப்பது பல ஆய்வகங்களின் வழக்கம். பிலிரூபினோ இன்னும் மோசம்: கல்லீரல் கெட்ட விலங்கில்தான் அது ஏறும், ஆகவே பிழையும் ஒரு பிரிவின் பக்கமே சாயும்.

ரத்தத்தைப் பற்றியும் பேச்சில்லை. கல்லீரலைக் குளிர்ந்த உப்புநீரால் நன்கு அலசாவிட்டால் ஹீமோகுளோபினின் இரும்பு கொழுப்புச் சிதைவைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீன் பெட்டியில் இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். அது இல்லாமல் சூடாக்கினால், சோதனைக்குழாயில் நடந்த சிதைவையும் விலங்கின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்த ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ஓர் உயிர் போயிருக்கிறது. இதை அலட்சியமாக விடும் உரிமை தயாரிப்பாளருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

வாங்குகிறவர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் அமிலம் சேர்க்காத குழி ஒன்றை வைத்து அதன் அளவைக் கழியுங்கள். முடிந்தால் எச்.பி.எல்.சி. என்னும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் பிரித்துப் பாருங்கள். திசுச் சீவல் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடை நச்சாக மாற்றும் சைட்டோகுரோம் பி450 2இ1 என்னும் நொதி, கல்லீரலின் ஒவ்வொரு நுண்மடலிலும் மைய நாளத்தைச் சுற்றியே மிகுதி, எனவே செல்கள் மடிவதும் முதலில் அங்கேதான். கிட்டின் எண் உயர்ந்தும் அந்தப் பகுதி நலமாக இருந்தால் எண்ணைச் சந்தேகியுங்கள்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். தடுப்பானைப் பெட்டியிலேயே வைத்து, குறுக்கிடும் பொருள்களின் பட்டியலையும் அச்சிட்டால் நான்கு தருவேன்.