வீட்டு முற்றத்தில் டர்போ கழற்ற வருகிறார்களா? உஷார்

மார்த்தாண்டம், குழித்துறை, குலசேகரம் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பைக்கில் டூல்ஸ் பெட்டியோடு வந்து, வீட்டிலேயே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) கழற்றித் தருகிறேன் என்று ஒருவர் சுற்றுகிறார். எங்களிடம் 28,000 ரூபாய் கறந்துவிட்டுப் போய்விட்டார்.

வண்டி ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ், 1.5 லிட்டர் டீசல். பேச்சிப்பாறை ஏற்றத்தில் இழுவை இல்லை. மிதித்தால் 'உஸ்' என்று காற்றுச் சத்தம். வந்தவர் பானெட்டைத் திறந்ததுமே, "டர்போ போச்சு அண்ணே. பேடிக்காண்டாம், உச்சைக்குள்ள கழத்திரலாம்" என்றார். இந்த வண்டியில் டர்போ எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி இருக்கிறது. கை நுழையவே இடமில்லை. மதியம் போய் ராத்திரி ஆனது.

கழற்றிய டர்போவின் ஷாஃப்டை விரலால் அசைத்து, "பாத்தியளா, ஆடுது" என்று காட்டினார். தந்திரமே இதுதான். ஆயில் வடிந்த டர்போவில் ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். ஓடும்போது அந்த இடைவெளியை நிரப்புவது ஆயில். முன்னும் பின்னும் இழுபட்டாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

ரீகண்டிஷன் செய்ய நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்த டர்போவில் அதன் சீரியல் நம்பர் தகடு சுரண்டியிருந்தது. கழற்றும்போது மச்சான் எடுத்த போட்டோவில் நம்பர் தெளிவாக இருக்கிறது. கேட்டால், பாலிஷ் போட்டதில் அழிந்துவிட்டதாம்! பில்லும் இல்லை. வந்தது எங்கள் டர்போதானா என்றே தெரியவில்லை.

மாட்டி முடித்ததும் முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் நிற்க, எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டார். ஆல் வீல் டிரைவில் முன்சக்கரம் வெறுமனே சுற்றினால் பின்சக்கரத்துக்கும் விசை போகும். போனது. வண்டி ஜாக்கியை விட்டு முன்னால் சாடியது. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. இதற்கும் அவர் சிரித்தார் என்பதுதான் எரிச்சல்.

இவ்வளவுக்கும் பிறகு இழுவை வரவில்லை. வேறு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகத்தின் குழாய்) அடிப்பக்கம் கிழிந்திருந்தது. அதை மாற்றியதும் வண்டி பழையபடி ஏறுகிறது. டர்போவின் ஆயில் குழாயில் பழைய செம்பு வாஷரையே போட்டிருந்ததால் அங்கே கசிவு. டர்போவை எடுக்க டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) கழற்றியபோது வடிந்த கியர் ஆயிலையும் திரும்ப நிரப்பவில்லை.

இப்போது அவர் போனை எடுப்பதில்லை. ஜிபே ரசீது, போட்டோ, அவருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே மனு கொடுக்க இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இதே ஆளிடம் டர்போ கொடுத்தவர்கள் டர்போவின் நம்பர் தகட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.