ஆழ்கிணறா, சீமெந்துச் சூளையா?

திருகோணமலையில் சேரும் கழிவெண்ணெய், கரைப்பான் போன்ற ஆபத்தான திரவக் கழிவுகளை என்ன செய்வது? ஆழ்கிணறு தோண்டி நிலத்துக்குள் செலுத்தலாம் அல்லது லொறியில் புத்தளம் அனுப்பிச் சீமெந்துச் சூளையில் எரிக்கலாம்.

ஆழ்கிணற்று முறை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே குடிநீர்ப் படுகைகளுக்கெல்லாம் கீழே, கழிவை உறிஞ்சும் நுண்துளைப் பாறை இருக்க வேண்டும். அதன் மேல் நீர் கசியாத பாறை மூடியாக இருக்க வேண்டும். கழிவு 10,000 ஆண்டுகளுக்கு அந்த அடுக்கை விட்டு வெளியேறாது என்றும் நிரூபிக்க வேண்டும். சரி, நம் ஊரில் அந்த அடுக்குகள் எங்கே? கீழே கிடப்பது பழமையான படிகப் பாறை. அதில் நீர் ஓடுவது வெடிப்புகள் வழியாகத்தான். கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளைப் பாருங்கள்: ஆழத்தில் சூடான நீர் வெடிப்பு வழியே மேலே வருகிறது. அதே வழியில் கழிவும் வரலாம். நிலாவெளிப் பக்கமோ இன்னும் மோசம். மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்தான் மக்களின் கிணற்றுத் தண்ணீர். 1960களில் அமெரிக்காவின் டென்வர் நகர் அருகே இப்படிச் செலுத்தியபோது நிலநடுக்கங்களும் வந்தன.

சூளையில் சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய், கரைப்பான் போன்ற கரிமக் கழிவு எரிந்துவிடும். பாதரசம் உள்ளது அதற்கு ஒத்துவராது. வழியில் சிந்தும் அபாயமும் உண்டு. ஆனால் சிந்தியது கண்ணுக்குத் தெரியும், அள்ளலாம். எனக்குச் சூளைதான் சம்மதம்.