வீட்டு லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கா, லோக்கல் கணக்கா?

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே லேப்டாப்தான், விண்டோஸ் 11 ஹோம். ரொம்ப நாள் எல்லோரும் ஒரே கணக்கில்தான் நுழைந்துகொண்டிருந்தோம். தங்கையின் கல்லூரி அசைன்மென்ட் ஒன்றை அப்பா தெரியாமல் அழித்த அன்று, இனி ஆளுக்கு ஒரு கணக்கு என்று முடிவானது. முதலில் நால்வருக்கும் மின்னஞ்சல் வைத்து நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டோம். ஒன்றரை வருடம் ஓடியது. இப்போது என்னுடையதைத் தவிர மற்ற மூன்றும் லோக்கல் கணக்குகள். மாற்றி எட்டு மாதம் ஆகிறது, திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடம் 5 ஜிபி இலவசமாகக் கிடைக்கும். வேறு கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் சில அமைப்புகள் கூடவே வரும். லோக்கல் கணக்கு அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி. அழகு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. பர்சனலைசேஷனில் லாக் ஸ்கிரீன் படத்தை மாற்றலாம், அதே படம் லாகின் திரையிலும் வர வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். பின் நம்பரும் கைரேகையும் இரண்டிலும் உண்டு.

சின்னதாக ஒரு விஷயம், ஆனால் எனக்கு உறுத்தியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்க்கும்போது யூசர்ஸ் ஃபோல்டருக்குள் நம் பெயரில் உருவாகும் ஃபோல்டருக்கு, மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளையே விண்டோஸ் வைத்துவிடுகிறது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி ஐந்து எழுத்தோடு வெட்டினால் என்ன மிஞ்சும்? அப்பாவின் ஃபோல்டர் பாதிப் பெயரோடு நின்றது. லோக்கலில் நாம் கொடுக்கும் பெயரே ஃபோல்டர் பெயராகிறது. இதை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு லோக்கலுக்கு மாற்றினாலும் பழைய ஃபோல்டர் பெயர் அப்படியேதான் இருக்கும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டு மறந்தால் என்ன ஆகும்?

மைக்ரோசாஃப்ட் கணக்கில் தினமும் நாம் தட்டுவது பின் நம்பரை. உண்மையான பாஸ்வேர்டைத் தட்டும் வேலை மாதக்கணக்கில் வராது. சைன்-இன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஹலோவை (பின், கைரேகை, முகம் கொண்டு நுழையும் வசதி) மட்டும் அனுமதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் லாகின் திரையில் பாஸ்வேர்டு கேட்கும் வழியே தெரியாது. ஆக, வீட்டில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு மறந்துதான் போயிருக்கும். ஆனால் பின் நம்பர் அந்த மெஷினோடு கட்டப்பட்டது. மெஷினின் உள்ளே ஏதாவது மாறினால் அது செல்லாமல் போகலாம்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. லேப்டாப் பழுதாகி மதர்போர்டை மாற்றினோம். வாங்கியபோது முதல் கணக்கை அம்மாவின் பெயரில்தான் தொடங்கியிருந்தேன். டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருந்தது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. எனக்குத் தெரியாது. புது போர்டோடு ஆன் செய்ததும் நீலத் திரை வந்து, அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரிகவரி கீ கேட்டது. அந்த கீ இருப்பது அம்மாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அம்மாவுக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை. சரிபார்க்கும் ஓடிபி எண் போவதோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எப்போதோ கைவிட்டுப்போன பழைய நம்பருக்கு. புது நம்பரை நான் மாற்றிப் போடவே இல்லை, தவறு என்னுடையது. கணக்கில் அம்மாவின் ஜிமெயிலும் சேர்ந்திருந்ததும், அது அவர் போனில் திறந்தே இருந்ததும்தான் எங்களைக் காப்பாற்றின. இல்லையென்றால் பத்து வருடப் புகைப்படங்கள் போயிருக்கும்.

இதில் மைக்ரோசாஃப்ட் கணக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். நம்பரும் மின்னஞ்சலும் புதிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் மீண்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் ஒருவன்தான். நான்கு கணக்கு, நான்கு நம்பர், நான்கு மின்னஞ்சல் என்னால் முடியவில்லை.

லோக்கல் கணக்கில் பராமரிப்பு வீட்டுக்குள்ளேயே முடிகிறது. அப்பா பாஸ்வேர்டை மறந்தால் லாகின் திரையிலேயே மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வரும். 2018-இல் விண்டோஸ் 10-இல் வந்த வசதி இது. அவற்றின் விடையும் மறந்துவிட்டால் மற்ற கணக்குகளையும் நிர்வகிக்கும் என் அட்மின் கணக்கிலிருந்து புது பாஸ்வேர்டு வைத்துவிடுவேன். நெட்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஒரு குறை உண்டு. அப்படி அட்மின் மாற்றி வைக்கும்போது, பழைய பாஸ்வேர்டை வைத்துப் பூட்டியிருந்தவை திறக்காமல் போகும். அப்பா பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் ஒருமுறை இப்படித்தான் போயின. அதனால் கேள்விகளுக்கான விடையை இப்போது அவர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு வழி: செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அந்த நபரின் விவரம் இல்லை என்ற இணைப்பை அழுத்தினால், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாமல் சேர்க்கும் வழி வரும். கணக்கு வகை, அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டாகவே இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கணக்கை மாற்ற, யுவர் இன்ஃபோவில் லோக்கலாக மாற்றும் வசதி உண்டு. கோப்புகள் அப்படியே இருக்கும். ஆனால் அதற்கு முன் ரிகவரி கீயை எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் 48 இலக்கமும் பீரோவில் பாஸ்புக்குகளோடு ஒரு கவரில் இருக்கிறது. என் கணக்கு கெட்டுப்போனால் உதவும் என்று கூடுதலாக ஒரு லோக்கல் அட்மின் கணக்கும் வைத்திருக்கிறேன். அதன் பாஸ்வேர்டும் அதே கவரில்.

என் கணக்கை ஏன் மைக்ரோசாஃப்டிலேயே விட்டேன்? என்கிரிப்ஷன் தொடர வேண்டும் என்பதால்தான். எல்லோரும் லோக்கலாக இருந்தால், புது மெஷினில் என்கிரிப்ஷன் தானாக முழுமையாக அமலுக்கு வராது. லேப்டாப் தொலைந்தால் டிஸ்க்கைக் கழற்றிப் படித்துவிடலாம். வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு, எந்தக் கணக்கு என்றாலும் ஒரு குறிப்பு. சரியான பாஸ்வேர்டைத் தட்டியும் ஏற்கவில்லை என்றால் லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழியைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகையில் நின்றிருக்கலாம். அப்பா இரண்டு நாள் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பழைய கன்ட்ரோல் பேனலில், ரீஜன் பகுதியின் அட்மினிஸ்ட்ரேடிவ் தாவலில், நம் மொழி அமைப்பை வெல்கம் ஸ்கிரீனுக்கும் (அதாவது லாகின் திரைக்கும்) நகல் எடுக்கலாம். ஆங்கிலத்தை முதலில் வைத்து நகல் எடுத்த பிறகு தொல்லை நின்றது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு என் அனுபவம் போதாது. நேரக் கட்டுப்பாடு வைக்கும் ஃபேமிலி சேஃப்டிக்குக் குழந்தைக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பது மட்டும் தெரியும். நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அடுத்த வருடம் தங்கைக்குத் தனி லேப்டாப் வாங்கப் போகிறோம். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலையப் போகும் மெஷின் அது. அதில் அவளுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்குதான் போடுவேன், அவள் இப்போது வைத்திருக்கும் நம்பரோடு.