‘நீங்கள் பிறந்தபோது’ போஸ்டர்: பிரேம் நல்லது, எழுத்து வேண்டாம்

வெள்ளவத்தையில் இருக்கும், 1948இல் பிறந்த பெரியம்மாவுக்கு 75 வயது நிறைந்தபோது, ‘நீங்கள் பிறந்தபோது உலகம்’ என்று ஒரு போஸ்டர் அடிப்பித்துப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். கொம்பனித்தெருப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுக் கடை. பெயர் எழுதவில்லை, அந்தப் பிள்ளைகள் கடைசிவரை மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஏ3 அளவு, மரப் பிரேம், கண்ணாடி, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். பெயரையும் பிறந்த திகதியையும் வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிரச்சினை அந்த மிச்சத்தில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேமின் நான்கு மூலையும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறது. கடதாசி கனம். சொன்ன நாளில் வந்தது.

கேக் வெட்டி முடிந்ததும் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவர். இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து, “பிள்ளை, அந்தச் சிவப்புப் பேனையை எடு” என்றார்.

கண்ணாடிக்கு மேலே பேனை எழுதாது. பிரேமைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்துச் சின்ன ஆணிகளைப் பட்டர் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கடதாசியை வெளியே எடுத்துக் கொடுத்தேன். பரிசு கொடுத்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

‘நாட்டுத் தலைவர்: ஹரி ட்ரூமன்’ என்று அமெரிக்க ஜனாதிபதியைப் போட்டிருந்தார்கள். வெட்டிவிட்டு ‘எங்களுக்கு ராசா ஆறாம் ஜோர்ஜ், பிரதமர் டீ. எஸ். சேனநாயக்க’ என்று எழுதினார். பெற்றோல், பால் விலைகள் டொலரிலும் அமெரிக்கச் சதத்திலும். பாணை ‘ரொட்டி’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கொழும்பில் கடை வைத்துக்கொண்டு பாணுக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் எப்படி? போக்குவரத்து என்ற இடத்தில் கப்பல் மாதிரி நீளமான ஒரு கார். பெரியம்மா பிறந்த வீடு பொரளையில். 1960இல் நிறுத்தும்வரை, அதாவது அவருடைய பதினொரு வயதுவரை, அவருக்குத் தெரிந்த வாகனம் ட்ராம்தான். காரின் மேலேயே பெரிதாக ‘ட்ராம்’ என்று எழுதினார்.

மேல் மூலையில் இன்றைய தேசியக் கொடி. அதில்தான் அதிக நேரம் நின்றார். 1948 பெப்ரவரி 4 அன்று ஏற்றியது வெறும் சிங்கக் கொடி. தமிழராகிய நமக்கும் முஸ்லிம்களுக்கும் என்று செம்மஞ்சளும் பச்சையுமாக இரண்டு கோடு சேர்ந்த கொடி வந்தது 1951இல். “நான் பிறக்கேக்க எங்களுக்கு ஒரு கோடுகூட இல்லை” என்று சிரித்தார். கொடிக்குக் கீழே ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தது. அந்தப் பெயர் 1972இல் வந்தது. அதற்கும் ஒரு வெட்டு.

விளையாட்டுப் பகுதிதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெரியம்மா பிறந்தது 1948 ஆகஸ்ட் 2. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் 51.8 செக்கன்டில் ஓடி வெள்ளி எடுத்தார் டங்கன் வைட். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அடுத்ததற்கு சுசந்திகா ஓடும்வரை, 2000ஆம் ஆண்டுவரை, காத்திருக்க வேண்டியிருந்தது. போஸ்டரில் லண்டன் ஒலிம்பிக் இருக்கிறது, வைட் இல்லை.

அந்த வருஷம் மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி கப்பலில் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் இறங்கி, பொரளை ஓவலில் ஒருநாள் விளையாடியது. இலங்கை அணிக்குத் தலைவர் நம்முடைய சதாசிவம். வயிற்றில் பிள்ளையோடிருந்த அம்மம்மாவைத் தனியே விட்டுவிட்டுத் தாத்தா அந்த மட்ச் பார்க்கப் போனாராம். அம்மம்மா கண்மூடும்வரை அதைச் சொல்லிக்காட்டினார். பெரியம்மா ஓரத்தில் எழுதியது: ‘ஐயா மட்சுக்குப் போனது’.

கடைசிப் பெட்டி ‘நீங்கள் பிறந்த நாட்டின் பெருமைமிகு குடிமகள்’. இதை வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பேனையை மூடிவைத்துக் கதைத்தார். குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. ஆகஸ்டில் பிறந்தபோது இலங்கைக் குடியுரிமை என்ற ஒன்றே கிடையாது. சட்டம் வந்த பிறகும் இங்கே பிறந்தேன் என்பது போதாது. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும். தாத்தாவிடம் கடதாசி இருந்தது. பக்கத்து ஒழுங்கையில் தையல் தைக்கிற அக்கா அதே மாதம் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அப்பாவின் பிறப்பை யார் பதிந்துவைத்தார்கள்? இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்த 2003 சட்டத்துக்குப் பிறகு, 55 வயதில்தான் அவருக்குப் பிரஜாவுரிமை. “ரெண்டு பேரும் ஒரே மாசம். அவவுக்கும் இதே போஸ்டரை அடிச்சுக் குடுப்பாங்களா?” என்று கேட்டார். நான் பேசாமல் தேநீர் போடப் போனேன்.

மறுநாள் கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெளிநாட்டு டெம்ப்ளேட் ஒன்றில் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றுவதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். விவரங்களை நானே எழுதி அனுப்பினால் காசு வாங்காமல் திரும்ப அடித்துத் தருவார்களாம், பழையதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெரியம்மா கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் பிரேமுக்கு. வெறும் பிரேம் அங்கே 2,600 ரூபாய்க்குத் தருகிறார்கள், அதை வாங்குங்கள். உள்ளே வைப்பதற்கு, கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வீரகேசரி 1930இலிருந்து வருகிற பத்திரிகை. அதற்கும் முதல், வீட்டில் இருக்கிற வயதானவரிடம் ஒரு பேனையைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் வீட்டுப் போஸ்டருக்குக் கண்ணாடி இன்னும் போடவில்லை. கூப்பன் அரிசியைப் பற்றி எழுத இடம் விட்டிருக்கிறாராம்.