புனலூரில் பழைய ரோடு பைக் டயர் வாங்கப் போகிறீர்களா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ரோடு பைக் (ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள்) ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு. புனலூரில் நம் ஊர்க்காரர் ஒருவர் 700 × 25 அளவு (25 மில்லிமீட்டர் அகலம்) மடிப்பு டயர்களை ஜோடி ஜோடியாக விற்கிறார். "ஓனர் கல்ஃபுக்குப் போயிட்டாரு அண்ணே, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்பார். புது டயர் ஒன்றின் விலைக்கு இரண்டு கிடைக்கும். டயர் பளபளவென்று கறுப்பாக இருக்கும். மடித்துக் கட்டியிருப்பதைப் பிரித்துப் பார்க்கக் கேட்டால் மட்டும், "பிரிச்சா ஷேப் போயிரும்" என்று தடுத்துவிடுவார். சுத்தப் பொய். மடிப்பு டயரின் விளிம்பில் கம்பிக்குப் பதில் கெவ்லார் போன்ற நார்தான் இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து மடிக்கலாம்.

நான் வாங்கிய ஜோடியில் பின் டயர், கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு இறங்கும்போது எஸ் வளைவுக்குச் சற்று முன்னால் வெடித்தது. பின்னால் எம்-சாண்ட் லாரி. வளைவுக்குள் வெடித்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. உள்ளே பழைய டியூபில் நறுக்கிய துண்டு ஒட்டியிருந்தது. வெளியே பசையால் அடைத்து, மேலே டயர் பாலிஷ். தெரியாமல் விற்றார் என்று சொல்ல வழியே இல்லை.

கார் டயரில் காற்று 30 பிஎஸ்ஐ சுமாருக்குத்தான் இருக்கும். இந்த ஒல்லி டயரில் 80, 90 வரை அடிக்கிறோம். அந்த அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, அதற்குள் இருக்கும் நூல் பின்னல்தான். பக்கச்சுவரில் அந்த நூல் அறுந்துவிட்டால், நீளும் டியூப் துண்டை ஒட்டி ஒரு பயனும் இல்லை. ரூபாய் நோட்டை மடித்து உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

போன் செய்தால், "ஒட்டுப் போடாத டயர் எங்க அண்ணே இருக்கு?" என்கிறார். பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் குவியலில் இருந்து வேறு ஜோடி எடுத்துக்கொள்ளலாமாம்! பில் கேட்டதற்கும் தரவில்லை. ஜிபேயில் அனுப்பிய பதிவை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பழைய டயரே ஆகாது என்று சொல்ல மாட்டேன். 25 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு அகலமான 28 மில்லிமீட்டர் போடுகிறவர்கள் நல்ல டயரை விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பாலிஷ் வெளியேதான் போட முடியும். அதனால் உட்புறத்தை முழுவதுமாகப் புரட்டி, செல்போன் லைட் அடித்துப் பாருங்கள். ஒட்டு, நூல் பிசிறு, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற ஓட்டை, எது இருந்தாலும் வேண்டாம். பக்கச்சுவரை வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிகிறதா? அது வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பர். நடுப்பகுதி தட்டையாகியிருந்தால் பின் சக்கரத்தில் ஓடித் தேய்ந்தது.

அப்புறம் அளவு. நம் கடைகளில் சிலர் "28 இஞ்ச்தான் இதுவும்" என்று தள்ளிவிடுவார்கள். அப்பா காலத்து 28 × 1½ சைக்கிளின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்குக்கு 622. டயர் ஓரத்தில் 25-622 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே ஆளிடம் ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள், மலை இறங்குவதற்கு முன் ஒருமுறை கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள்.